எடுத்தால்தான் பயப்படணும்

அம்மா,

பெட்டியில் துணி அடுக்கலாம் என்று பீரோவைக் குடைந்தபோது, போன் வைக்க நீ தைத்த காக்கிப் பை கையில் வந்தது. அப்பாவின் ஃபாக்டரி சட்டையை அவர் போன பிறகும் தூக்கிப் போட மனமில்லாமல் வைத்திருந்தாயே, அதன் முதுகை வெட்டித் தைத்தது. உள்ளங்கை அகலம். கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பாவாடை நாடா. முகர்ந்து பார்த்தேன். நீ தடவும் தலைவலித் தைலத்தின் வாசனை இன்னும் துணியைவிட்டுப் போகவில்லை.

இந்த வாரக் கடைசியில் நானும் ஜெர்மனி போகிறேன். ஹிஞ்சேவாடி ஆபீஸ் வேலையாக, கொஞ்ச நாளைக்கு. பயண ஏற்பாடு பார்க்கிற பெண் நேற்று சாதாரணமாகத்தான் கேட்டாள், "உங்க போன் அங்க வேலை செய்யுமான்னு பார்த்துட்டீங்களா மேடம்?" என்று. இந்த மடலை நான் போன வருஷமே எழுதியிருக்க வேண்டும். இப்போதுதான் எழுத முடிகிறது.

ஜெர்மனியில் அண்ணிக்குக் குழந்தை பிறந்து, பார்த்துக்கொள்ள உன்னைக் கூப்பிட்டபோது, ரயிலில் வேலூருக்குப் போய்வந்ததைத் தவிர நீ எந்தப் பயணமும் அறியாதவள். பயந்தது நான்தான். நடுவில் ஃபிளைட் மாறும்போது தொலைந்து போனால்? பையிலிருக்கும் மாத்திரையை மறந்தால்? என் பேரில் ஒரு போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன் எடுத்துத் தர, உன்னைக் கட்கி பஜாரில் அந்த மொபைல் கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரர் என்னிடம் விளக்கிக்கொண்டிருந்தார். இந்த செட் ஐரோப்பாவில் வேலை செய்யும், அமெரிக்காவில் செய்யாது, அங்கே அலைவரிசை வேறு. கிளம்பும் முன் ரோமிங் போடச் சொல்ல வேண்டும். அங்கே கால் வந்தால், எடுத்துப் பேசுகிறவருக்கும் காசு ஆகும். நீ குறுக்கே புகுந்து, அங்கே டவர் இருக்கா என்று உன் இந்தியில் கேட்டாய்.

"பையா, உதர் டவர் ஹை க்யா?"

"மௌஷி, நம்ம ஊரைவிட அங்கதான் ஜாஸ்தி டவர்," என்று அவர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

நீ என் பக்கம் திரும்பி, "ஏண்டி, ஸ்டேஷன் தாண்டினாலே உன் போன்ல லைன் போயிடுது. கடல் தாண்டி எப்படிடி வரும்? இவன் விக்கறதுக்குச் சொல்றான்," என்றாய். பிறகு, விட்ட இடத்தைப் பிடித்தாய். "எடுத்தா காசு. எடுக்காட்டி?"

"எடுக்காட்டி இல்லம்மா."

அவ்வளவுதான். வீடு வந்து சேர்வதற்குள் நீ சட்டம் போட்டு முடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு போனில் பேசிக்கொள்வது. மற்ற நாளில், ஆபீஸில் டீ குடிக்கப் போகும்போது நான் ஒரு ரிங் விட வேண்டும். "நான் கட் பண்ணிட்டேன்னா நல்லா இருக்கேன்னு அர்த்தம். அடிச்சிக்கினே இருந்தா புள்ளயக் குளிப்பாட்டிக்கினு இருக்கேன், அப்பால பண்ணு. எடுத்தாதான் நீ பயப்படணும்."

"மருமக வீட்டு போன்ல தினமும் பேசினா என்னவாம்?"

"அது அவங்க வீட்டு போன். இது என் போன்," என்று காக்கிப் பையைத் தட்டிக் காட்டினாய்.

நீ இறங்கிய அன்று நான் முதல் ரிங் விட்டேன். அந்தப் பக்கம் மணி அடிக்குமா என்பதே சந்தேகம். அடித்தது. நம் ஊர் மணி போல இல்லை; நீளமாக ஒரு முறை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தது. பாதியில் அறுந்தது. நீதான். ஆபீஸ் வராந்தாவில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். கட்கி ஸ்டேஷனில் கிடைக்காத லைன் கடல் தாண்டிக் கிடைத்துவிட்டது.

அதன் பிறகு எல்லா நாளும் அப்படித்தான். உன் குரலைக் கேட்க ஏங்கிக்கொண்டே, நீ எடுத்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொள்வேன். இப்படி ஒரு வேண்டுதல் வேறு யாருக்காவது இருந்திருக்குமா? உன் கட்டைவிரல் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தும் நொடியில்தான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும்.

அந்த நாளும் வந்தது. அண்ணன் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான். "அம்மாவுக்கு நெஞ்சுல லேசா வலி. சேர்த்திருக்கு. நீ பயப்படாத, டெஸ்ட்தான் எடுக்கிறாங்க." இங்கே என் மகள் குட்டிக்கு அப்போது காய்ச்சல், தோளைவிட்டு இறங்கவில்லை. எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே உன் நம்பரை அழுத்தினேன். காசு போனால் போகட்டும், சட்டம் எல்லாம் போகட்டும், ஒரு வார்த்தை பேசிவிடு என்றுதான் அழுத்தினேன்.

கட் பண்ணினாய்.

மறுபடி அழுத்தினேன். மறுபடி கட். அடுத்த முறை மணி முழுதாக இழுக்கும் முன்பே கட்.

அது போதுமாக இருந்தது, அம்மா. நல்லா இருக்கேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டாயே. குட்டிக்கு மருந்து கொடுத்தேன். ரசம் வைத்தேன். விளக்கேற்றும் நேரத்தில் அண்ணன் மறுபடி கூப்பிட்டபோது, 'வலி குறைஞ்சிடுச்சு' என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, "சாப்பிட்டாங்களாண்ணா?" என்று கேட்டேன். பதிலுக்கு அவன் அழுதான்.

உன்னை எடுத்துக்கொண்டு அவன் வந்தபோது காக்கிப் பையையும் கொண்டுவந்தான். உன் சாம்பலை ஆளந்தியில் இந்திராயணி ஆற்றில் கரைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது சொன்னான். "நர்ஸ் போனை வாங்கப் பார்த்தாங்க, அம்மா கொடுக்கல. நீ பண்ணினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். எடும்மா, காசு நான் கட்டறேன்னு சொன்னேன். அதுக்கு அம்மா, 'எடுத்தா அவ பயந்துடுவாடா'ன்னாங்க."

எத்தனை முறை இதைத் திருப்பித் திருப்பி நினைத்திருப்பேன். உன்மேல் கோபம்கூட வந்திருக்கிறது. என்னைப் பயமில்லாமல் வைக்க, உன் கடைசிக் குரலை எனக்கு இல்லாமல் செய்துவிட்டாயே. நான் பயந்திருப்பேன், அம்மா. நன்றாகப் பயந்திருப்பேன். பயந்துகொண்டே உன்னோடு பேசியிருப்பேன்.

இன்று சாயங்காலம் பையை மேஜைமேல் பார்த்த குட்டி அதைக் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். இப்போது ஸ்கூல் போகிறாள்; அவள் தமிழில் பாதி இந்தி.

"இது யாரோட?"

"பாட்டியோட. இதுல என் போனை வச்சிக்கிட்டுப் போறேன், நீ பண்ணினா அடிக்கும்."

"ஜெர்மனிலயும் அடிக்குமா? பக்கா?"

"பக்கா."

நம்பவில்லை. உன் பேத்திதானே. ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள். என் போனைப் பைக்குள் போட்டு என் கழுத்தில் மாட்டி, சமையலறைதான் ஜெர்மனி என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஹாலிலிருந்து வீட்டு போனில் என்னைக் கூப்பிட்டாள்.

காக்கித் துணிக்குள் போன் நெஞ்சோரமாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'வீடு' என்று எழுதியிருந்தது. சிங்க் முன்னால் நின்றுகொண்டு நான் அதற்கு முன்பே அழுதுகொண்டிருந்தேன். இந்தக் குரலோடு எப்படிப் பேசுவது, குழந்தை பயந்துவிடுவாளே என்று என் கட்டைவிரல் தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

அப்போதுதான், அம்மா, அந்தக் கட்டிலில் நீ எப்படிப் படுத்திருந்தாய் என்று எனக்குத் தெரிந்தது. உன் விரல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. இனி உன்மேல் கோபப்பட என்னால் முடியாது.

ஆனால் நான் பச்சையைத்தான் அழுத்தினேன்.

"அம்மா? நீ அழறியா?"

"ஆமாடா."

"டர் லக்தா ஹை க்யா? பயமா இருக்கா?"

"கொஞ்சம்."

"சரி, கட் பண்ணாத," என்றாள். "நான் அங்க வரேன்."