முதுகுப்பக்க ஜிப்

ஓபன் துறைமுகம், ஸ்காட்லாந்து, பிப்ரவரி 9

அன்புள்ள மொர்வென்னா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? சொல்ல வேண்டியவை மூன்று:

1. நான் நலம்.
2. தண்ணீர் புகாத உடையைத் தேர்ந்துவிட்டேன்.
3. என் கம்பளி உள்ளாடைகளை அனுப்பு.

பாய்ப்படகுப் பயிற்சிப் பள்ளி காட்டிய இரண்டு உடைகளில், முதுகில் ஜிப் உள்ளதையே எடுத்தேன். முன்பக்க ஜிப் மடங்கி மடங்கிச் சீக்கிரம் கெடுமாம். செவ்வாயன்று பாய்ப்படகு கவிழ்ந்தது. நானே இழுத்த ஜிப் நான்கு விரல் திறந்திருந்ததால், இடுப்புவரை குளிர்ந்த தண்ணீர் நிறைந்துவிட்டது.

மீட்புப் படகில் என்னை இழுத்துப் போட்ட ஐலா, "ஜிப்பை மூடிவிடச் சொல்ல வாயில்லையா பெரியவரே? மீனுக்குக் கதவைத் திறந்து வச்சீங்களா?" என்றாள்.

கேட்கக் கூச்சமாக இருந்தது. வீடாக இருந்தால் நீ மூடிவிட்டுத் தோளில் தட்டியிருப்பாய்.

தபால்காரர் வந்துவிட்டார். இரண்டாவது செய்தி தவறு. எது அதிக நாள் உழைக்கும் என்று மட்டுமே பார்த்தேன்; நீ இல்லாத இடத்தில் எதை நானே மூட முடியும் என்று பார்க்கவில்லை. நாளை முன்பக்க ஜிப் உடைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

உன்
டென்சில்