மருந்துக் குழிக்கு இந்தப் பக்கம்

இன்று காலையும் கொட்டகை வாசலில் பூட்ஸை மருந்துத் தண்ணீரில் முக்கியதும் அந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே உங்கள் நினைப்பு, அண்ணே. மற்றவர்களுக்கு ஊதுபத்தி வாசனையில் செத்தவர் ஞாபகம் வரும். எனக்கு வாய்த்தது கிருமிநாசினி.

உங்கள் பண்ணை யோங் பெங்கில், என்னுடையது செடெனாக்கில். இருபது வருடப் பழக்கத்தில் ஒருவர் பண்ணைக்குள் மற்றவர் கால் வைத்ததில்லை. பேச்செல்லாம் சங்கக் கூட்டத்தில், இல்லையென்றால் கேட்டுக்கு வெளியே காரில் சாய்ந்துகொண்டு. தேசியக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் ஜோகூர் கிளைச் செயலாளராக அந்த விதியை எழுதியவரே நீங்கள்தான்: 'எந்தக் காரணமானாலும் அடுத்தவர் பண்ணைக்குள் போகக் கூடாது. போனால் மூன்று நாள் தன் கொட்டகைக்குள் நுழையக் கூடாது.' செருப்பில் ஒட்டிக்கொண்டு நோய் வந்துவிடுமே.

"சாவு வீடா இருந்தா என்னண்ணே பண்றது?" என்று அந்த விதி கூட்டத்தில் வந்த அன்றைக்கு எழுந்து கேட்டவன் நான்.

"கோழிக்கு என்ன லா தெரியும், சாவு வீடா கல்யாண வீடான்னு?" என்றீர்கள். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே விதிக்கு ஆதரவாகக் கை தூக்கினேன்.

நெஞ்சு வலியில் நீங்கள் போன அந்த வாரம், உங்கள் கொட்டகையில் கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தன. என்ன நோய் என்று தெரியவில்லை. வீடோ பண்ணை வேலிக்குள். என் வேலையாள் ஊருக்குப் போயிருந்தான். பத்து நாள் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்க என்னை விட்டால் நாதியில்லை. உள்ளே போனால் குஞ்சுகள் சாகும். போகாவிட்டால் நான் என்ன மனிதன்? இருதலைக் கொள்ளி எறும்பாகக் கேட்டருகே மத்தியானம்வரை நின்றேன்.

அண்ணி அந்தப் பக்கம் வந்து நின்று, "உள்ள வராதீங்க தம்பி. வந்தா அவரே எழுந்து உங்கள ஏசுவாரு," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் அறுக்கிறது.

உங்களை ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டும்போது, நீங்கள் வெட்டிய மருந்துக் குழியில் சக்கரம் நனைந்துதான் வெளியே வந்தது. முகம் தெரியவில்லை. உள்ளே இருந்தவர்களோடு தோள் உரசினாலும் ஆபத்து என்று மயானத்துக்கும் வராமல் திரும்பினேன். அண்ணி இன்றும் அங்கே கோழி வளர்க்கிறார். அதனால் இன்றுவரை அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

இப்போது உங்கள் நாற்காலியில் என்னை உட்கார்த்திவிட்டார்கள். போட்டிக்கு வேறு யாரும் நிற்கவில்லை. 'எந்தக் காரணமானாலும்' என்ற வார்த்தைகளை அடித்துவிடலாம் என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்தேன். அடித்தால் ஒரு பண்ணை நோய் பத்துப் பண்ணைக்குப் போகும். அடிக்காவிட்டால் இன்னொருவன் கேட்டருகே நிற்பான்.

போன வாரக் கூட்டத்தில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டார்: "சாவு வீடா இருந்தாலுமா சார்?"

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். உங்கள் பதில்தான் வந்தது, ஒரு சொல் பிசகாமல்.

கூட்டமே சிரித்தது, அண்ணே. உங்கள் வாசலை மிதிக்காத இந்த இரண்டு காலும் மேசைக்கு அடியில் சும்மா கிடந்தன.