கை கழுவ ஒரு சொம்பு

கெங்கவல்லி
12.7.79

அன்புள்ள அம்மாவுக்கு, கண்ணாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையாங்க? தம்பி இதை மெதுவாகப் படித்துக் காட்டட்டும்.

பால்வாடியில் குழந்தைகள் இப்போது தாங்களே கை கழுவிக்கொள்கிறார்கள். ஒருவர் கையை நீட்ட, பக்கத்தில் இருப்பவர் தண்ணீர் ஊற்றுவார். திங்கட்கிழமை பண்ணைக்காரர் மகன் கந்தன், அவர்கள் காட்டில் கூலிவேலை செய்யும் சின்னாயியின் மகள் ஆராயிக்கு ஊற்றினான். அவன் அம்மா பார்த்துவிட்டார்.

“அவ கைக்குத் தண்ணி ஊத்தவா எம் புள்ளய அனுப்பினேன், டீச்சர்?”

அவர்கள் கொடுத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, பையனையும் கூட்டிப் போய்விட்டார். பெரிய விஷயமில்லை, கவலைப்படாதீர்கள். ஆனாலும் வாசலில் நிழல் தெரிந்தாலே எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

இன்று கந்தன் வேலியோரம் வந்து நின்றான். “டீச்சர், ஆராயிக்கு இப்ப யாரு தண்ணி ஊத்துறாங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் ஓடிவிட்டான்.

இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது உங்கள் பழைய சேலை ஒன்றும் நம் வீட்டுச் சின்னச் சொம்பும் கொடுத்தனுப்புங்கள். சேலை எனக்குப் போர்த்திக்கொள்ள. சொம்பு குழந்தைகளுக்கு. ஆராயி கையும் அதில் படும். அப்பாவிடம் சொல்லிவிட்டே அனுப்புங்கள்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

கண்ணாத்தாள்