முழங்கால் உயரச் சுவர்

மே 11, திங்கள்
காலையிலேயே புழுக்கம். குடைக் கம்பி முறிந்து கிடக்கிறது, இன்றும் புதிது வாங்கவில்லை.

மதியம் வரை வெள்ளவத்தைக் கால்வாய்க்கரையில் வெள்ள ஆபத்துக் கணக்கெடுப்பு. வீடு வீடாக அதே கேள்விகள். எத்தனை பேர்? வெள்ளம் வந்தால் தானாக எழுந்து போக முடியாதவர் யார்? எங்கே போவீர்கள்? மூன்றாம் மாடிக்காரர் கதவைப் பாதி திறந்து, "எங்களுக்கென்ன தங்கச்சி, கார்தான் நனையும்." ஆபத்துக் குறைவு என்று எழுதினேன். உண்மையும் அதுதான்.

பின்னேரம் கொட்டாஞ்சேனை, என் ஸ்டெல்லா அக்கா குடியிருக்கும் குறுகல் ஒழுங்கை. மேட்டு ரோட்டுக் கழிவுநீர்க் கானெல்லாம் இந்தப் பள்ளத்துக்குத்தான் இறங்குகிறது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆளாளுக்கு வாசலில் ஒரு வரி கல் கூட்டுவார்கள். ஒருவர் உயர்த்தினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்கு. அவரும் உயர்த்துவார். அக்கா வாசலில் இப்போது முழங்கால் உயரச் சுவர். கட்டியது அவள் புருஷன், அன்ரன் அத்தான். துறைமுகத்தில் இடுப்பு நசுங்கிப் படுத்த பிறகு அவர் கையால் செய்த ஒரே வேலை. தரையில் இருந்தபடி, அக்கா சாந்து குழைத்துக் கொடுக்கக் கொடுக்க.

மே 12, செவ்வாய்
அலுவலகம். சுவரின் படத்தை எங்கள் மேலதிகாரிக்குக் காட்டினேன். "சனமே தங்களைக் காப்பாத்திக்கொள்ளுது, அருமை" என்றார். எரிச்சல். நடக்க முடியாத மனிதனை உள்ளே வைத்து வாசலை அடைத்திருக்கிறார்கள், இதில் என்ன அருமை? சொன்னேன். சிரித்தார்.
மத்தியானம் தின்ற, மீன் அடைத்த மாலுபாண் பழசு. வயிறு சரியில்லை.

மே 14, வியாழன்
விடாத மழை. வெள்ள எச்சரிக்கை வந்துவிட்டது. நேரே அக்காவிடம். ஹெந்தளைக்கு, என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.
"போன முறை வீட்டை விட்டுப் போட்டு வரேக்க ஃபேனும் இல்லை, காஸ் சிலிண்டரும் இல்லை, எல்லாம் களவு. நாங்கள் வரேல்ல."
அத்தான் தரையில் விரித்த மெத்தையில். "ஹாபர்ல நான் தூக்காத மூட்டையோ. இப்ப என்னைத் தூக்கப் போறியளோ?"
"அப்ப சுவரையாவது உடைப்பம் அத்தான்."
"நான் வைச்ச கல்லு, ரீட்டா. ஒரு சொட்டும் உள்ள வராது."
பக்கத்து வீட்டு ஷிரானி கைக்குழந்தையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வாசலிலும் புதுச் சுவர்.

மே 15, வெள்ளி
அத்தான் போய்விட்டார்.

மே 16, சனி
நேற்று, அதுவும் பகலில்தான். அக்கா பாணும் மெழுகுதிரியும் வாங்கச் சந்திக்குப் போயிருக்கிறாள். ஒழுங்கையில் கணுக்கால் தண்ணீர். வாசலால் ஒரு சொட்டும் வரவில்லை, அவர் சொன்னபடியே. மேட்டுக் கான் நிரம்பி, குளியலறை ஓட்டையால் பொங்கி வந்திருக்கிறது. வந்தது சுவரைத் தாண்டி வெளியே போக வழியில்லை; தரை மெத்தையில் கிடந்தவரை மூழ்கடிக்க அது போதும். நல்ல சுவர்.

ஷிரானி அழுதபடி, "ஆரோ கூப்பிடுற மாதிரிக் கேட்டது அக்கா. மழையில விளங்கேல்ல."

உடைத்திருக்க வேண்டும். அவர் ஏசினாலும் உடைத்திருக்க வேண்டும்.

மே 18, திங்கள்
அடக்கம். பெட்டியைச் சுவருக்கு மேலால் தூக்கித்தான் வெளியே எடுத்தார்கள். குடை இல்லை. நனைந்தேன்.

மே 21, வியாழன்
வெயில். சேதம் பார்க்க அதே ஒழுங்கைக்கு என்னையே அனுப்பினார்கள். எல்லா வாசலிலும் ஈரச் சாந்து, இன்னொரு வரி கல்.
"இடிப்பம் அக்கா."
"அவர் வைச்ச கட்டு. கை வைக்காத."
உள்ளே மேசன். குளியலறை ஓட்டையைச் சீமெந்து போட்டு அடைக்கிறார். இனிக் குளிப்பெல்லாம் வெளிக் குழாயில்தானாம். அந்த ஓட்டை போய்ச் சேரும் கான் ஷிரானி வீட்டுக்கும் பொது.
"அப்ப மேட்டுத் தண்ணி எங்கால வரும்?"
அக்கா மேசனிடம் வாளியை நீட்டினாள். "பக்கத்து வீட்டால."
சுவருக்கு அப்பால் ஷிரானியின் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அக்காவுக்கும் கேட்டது.