முத்திரை குத்தாத டிக்கெட்

வியன்னா,
ஜூன் 2006

பெனிட்டாவின் அப்பாவுக்கு, ஸ்தோத்திரம்.

கொயர் விழா நேற்று நல்லபடியாக நடந்தது. உங்கள் காலேஜில் லீவு கிடைத்திருந்தால் நீங்களே வந்து பார்த்திருக்கலாம்.

இங்கே ஜூனிலும் குளிர்கிறது. நம் சர்ச் கொயரில் நீங்கள் சேர்த்துவிட்ட மெட்டில்டா நேற்றுதான் பெட்டியிலிருந்து ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்துப் போட்டாள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொலைத்துவிட்டதாகச் சொன்னீர்களே, அதேதான். முழங்கையில் நான் போட்ட தையல் இன்னும் பிரியவில்லை.

இங்கே டிராமில் கண்டக்டர் கிடையாது. டிக்கெட் வாங்கினாலும், ஏறியதும் அதைப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். இத்தனை நாளும் அவளுடையதையும் நானே குத்திக் கொடுத்தேன். நேற்று விழாவுக்குப் போகும்போது என்னுடையதை மட்டும் குத்தினேன்.

"அக்கா, டிக்கெட்டை பர்ஸ்ல வச்சுட்டேன், போதும்ல?" என்றாள்.

"போதும்மா, நம்ம ஊர் பஸ் மாதிரிதான்."

பரிசோதகர்கள் அவளை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டார்கள். "அக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்!" என்று அழுதாள். "எனக்குத்தான் இங்கிலீஷ் வராதேம்மா" என்றேன். நீங்கள் எல்லோரிடமும் சொல்வதுதானே?

விழா முடியும்வரை அவள் வந்து சேரவில்லை. கொயர் மாஸ்டராக நீங்கள் அவளுக்குக் கொடுத்த சோலோ பாட்டை நான் பாடினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். மீதி இரண்டு ஊரிலும் நானே பாட வேண்டும் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஏர்போர்ட்டுக்குக் கட்டாயம் வாருங்கள். அவளை அழைத்துப்போக ஆள் வேண்டும். நான் ராஜகீழ்ப்பாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். பெனிட்டா அங்கேதான் இருக்கிறாள். பெருங்களத்தூரில் பஸ் மாறக்கூடத் தெரியாதவள் என்பீர்களே, நான் எப்படிப் போவேன் என்று கவலைப்படாதீர்கள்.

இப்படிக்கு,
பெனிட்டாவின் அம்மா