குத்தகை ராகி

கோரமண்டல்,
கே.ஜி.எஃப்.
பிப்ரவரி 9, ஞாயிறு

அன்பு மகள் ஜாய்க்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நாங்கள் இருவரும் நலம். டெல்லிக் குளிரில் உன் இருமல் குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கோலாரில் அவளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. கண் கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது, "இன்னாங்க, வீட்ல இவ்ளோ ஒட்டடையா இருந்துச்சு?" என்பதுதான். அன்றிலிருந்து எனக்கு ஓய்வில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ எதிர்க்கேள்வி கேட்டால் நான் உடனே பின்வாங்கிவிடுவேன் என்று உனக்கே தெரியும். போன புதன்கிழமையும் போனில் யோசிக்காமல்தான் பதில் சொன்னேன். விளைபொருளுக்குக் குறைந்தபட்ச விலையைச் சட்டமாக்குவது பற்றி ஆராயும் குழுவின் முன் இருபத்தொன்றாம் தேதி நீ உன் அறிக்கையைப் படிக்க வேண்டும். குத்தகை விவசாயிகளைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறார் உன் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். எடுக்காவிட்டால் ஏப்ரலில் உன் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவது சந்தேகம். என்ன செய்யட்டும் என்று கேட்டாய். எடுத்துவிடு, வேலைதான் முக்கியம் என்றேன். நான் சொன்ன அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

நீ அனுப்பிய பிரதியைத் தினம் பத்துப் பக்கம் என்று வைத்துக்கொண்டு படித்து வந்தேன். புதன்கிழமை அந்த அத்தியாயம் வரை வந்திருக்கவில்லை. படிக்காத ஒன்றைத்தான் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ராஜப்பா வந்தார். பங்காருபேட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருடாவருடம் நமக்கு ராகி கொண்டுவந்து தருபவர், உனக்கு நினைவிருக்கும். அரசு கொள்முதல் மையத்தில் தன் ராகியை எடுத்துக்கொள்ள மறுக்கிறார்கள், படித்தவர் நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். அதிகாரிகளிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அம்மா சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். உன் பிரதியையும் பையில் வைத்துக்கொண்டேன்.

மையத்தில் இருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். நிலப் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் வாங்க முடியும் என்றார். ராஜப்பா உழுவது பெங்களூரில் இருக்கும் ஒருவருடைய நிலம். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளருக்குப் பயம். நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை எது என்று எனக்குத் தெரியவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தோம். வாசலுக்கு எதிரே வண்டியோடு நின்றிருந்த வியாபாரி, அரசு விலையைவிட எவ்வளவோ குறைத்துக் கேட்டான்.

புளியமரத்தடியில் ராஜப்பாவைப் போலவே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் வரட்டும், குறைத்து வாங்கினால் இவனுக்கு ஜெயில்தான் என்று ஒருவர் சொன்னார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். சட்ட விலை கேட்காதீர்கள், அந்த விலைக்கே உங்களைக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றேன். என் பயம் எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியும். வெளிச்சந்தையில் தங்கம் அதிக விலைக்குப் போன காலத்திலும், நம் சுரங்கத்துத் தங்கத்தை அரசு வகுத்த விலைக்கே ஒப்படைத்தோம். தோண்டத் தோண்ட நட்டம் என்று கணக்குப் பிரிவில் உட்கார்ந்து எழுதியவன் நான். சட்ட விலை என்றாலே மேலே எழும்பவிடாமல் தலையை அழுத்தும் விலை என்றுதான் இந்த ஊரில் என் வயதுக்காரர்களுக்குத் தோன்றும்.

ராஜப்பா சிரித்துவிட்டார். "இன்னா சார், எங்க ராகியத் தங்கம்னு நெனச்சிட்டீங்களா? ஜாஸ்தி வெல குடுக்கறேன்னு எவனாச்சும் வந்தா சர்க்காரு வந்து கையப் புடிக்குமா?" என்றார். அவர் மனைவி பாப்பம்மா, "வுடுய்யா, அவரு மைன்ஸு ஆளு. மேல ஏறி வந்து இத்தினி வருசம் ஆயும் வெளிச்சம் பழகல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒருநாளும் சுரங்க ஷாஃப்டில் இறங்காத குமாஸ்தா என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஆனால் அடுத்து பாப்பம்மா கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. "சட்டம் வந்தா யாபாரி பயந்து வாங்க மாட்டான். பேரு இல்லன்னு சர்க்காரும் வாங்காது. அப்ப எம் மூட்டைய எங்க கொண்டு போறது?"

பையிலிருந்து உன் பிரதியை எடுத்து, என் பத்துப் பக்கக் கணக்கைத் தாண்டி அந்த அத்தியாயத்தைத் திறந்தேன். அதற்கு மேல் விற்காதே என்று விற்பவரைக் கட்டும் விலை வேறு, அதற்குக் கீழே வாங்காதே என்று வாங்குபவரைக் கட்டும் விலை வேறு என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறாய். பிறந்த ஊரின் தங்கத்தையே உதாரணமாகக் காட்டியிருக்கிறாய். இத்தனை வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னதையெல்லாம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்து, ஒரே பத்தியில், என் பெயரைச் சொல்லாமல் என்னை மறுத்திருக்கிறாய். இதைவிட மரியாதையாக ஒரு தகப்பனை யாரும் மறுக்க முடியாது.

பிறகு மற்றவர்களுக்கும் புரியும்படி கன்னடத்தில் சொல்லிக்கொண்டே படித்தேன். குறைத்து வாங்கினால் தண்டிக்கலாம், வாங்கியே தீர வேண்டும் என்று எந்த வியாபாரியையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் விளைச்சல் மிகுந்த வருடத்தில் அரசு ஒரு பங்கையாவது வாங்க வேண்டும், அல்லது விலையில் குறைந்ததை ஈடுகட்ட வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் அது உழுதவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நில உரிமையைத் தொடாமல், இந்தப் பருவத்தில் யார் பயிர் செய்தார் என்று கிராமத்திலேயே பதிவு செய்யலாம். நான் நிறுத்தியபோது, இதை எழுதினது யாரு என்று பாப்பம்மா கேட்டாள். என் மகள் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிரே நின்ற வியாபாரியும் திரும்பிப் பார்த்தான்.

உன் அறிக்கையில் எனக்குக் குறைகளும் தெரிகின்றன. குறைந்தபட்ச விலைப் பட்டியலிலேயே இல்லாத நம் கோலாரின் தக்காளிக்கு இதில் ஒரு வழியும் இல்லை. ராகி விலை ஏறினால் அம்மாவைப் போல வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன ஆகும் என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டாய். நான் தவறாகவும் படித்திருக்கலாம். செலவு கூடும் என்று அரசுத் தரப்பும், போராட்டத்தைக் கெடுக்கிறாய் என்று சட்டம் கேட்டுப் போராடும் விவசாயிகள் தரப்பும் கோபப்படும் என உன் இயக்குநர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால், பாப்பம்மாவின் கேள்வியை அந்தக் குழுவின் அறைக்குள் கேட்க வேறு யாரும் இல்லை.

எடுக்காதே அம்மா. ஏப்ரலுக்குப் பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. நமக்கு வீடு இருக்கிறது, சிறிதாக ஒரு பென்ஷன் இருக்கிறது. உன் அறையை அம்மா ஏற்கெனவே ஒட்டடை அடித்து வைத்துவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இருபத்தொன்றாம் தேதி கர்த்தர் உன் பக்கத்தில் நிற்பாராக. பேசும்போது குரல் நடுங்கினால் அது என்னிடமிருந்து உனக்கு வந்தது, மன்னித்துக்கொள். நடுங்கினாலும் கடைசி வரி வரை படித்துவிட்டு உட்கார்.

உன்னால் தலைநிமிர்ந்திருக்கும்
அப்பா,
கொர்னேலியஸ்