இண்டங்கொடியைக் கொண்டுவந்தது யார்?

மாப்ளே,

இன்று காலை போடிமெட்டு தாண்டி ஜீப்பை விட்டு இறங்கினேன். ரோட்டோரத்து இண்டங்கொடி சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. முள்ளை ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் ஜீப்பில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மேனேஜரையே புடிச்சிருச்சு பாரு" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. நீ செத்துப்போய் ஏழு மாதமாகிறது. இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

போடியில் ஒரே பெஞ்சில் படித்தோம். நான் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேனேஜரானேன், நீ அங்கேயே கவாத்து ஆட்களுக்குக் கங்காணி. ஆட்கள் முன்னால் என்னை "சார்" என்பாய், தனியாக இருந்தால் "டேய்" தான்.

மழைக்கு முன்னால் நிழல் மரங்களில் ஏறிக் கொப்பு கழிப்பதைத்தான் கவாத்து என்போம். ஒரு வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் வெயில் கூடுதலாக விட்டுக் காய் நிறையப் பிடித்ததாகக் கேள்விப்பட்டு எனக்குக் கை அரித்தது. "இன்னும் வெட்டு, இன்னும் வெட்டு" என்று கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ மரத்திலிருந்தே கத்தினாய்: "டேய், நெழலு போச்சுன்னா கீழ கெடக்குறதெல்லாம் எந்திரிச்சிரும்டா. அப்பறம் என்னைய வையாத." நான் கேட்கவில்லை. மேனேஜர் அல்லவா!

சொன்னபடியே எழுந்தது. ஓடைக்கரையில் ஒண்டிக் கிடந்த இண்டங்கொடி அடுத்த வருஷமே ஏலத் தூர்களின் மேல் ஏறிச் சரிவு முழுக்க மூடிவிட்டது. காய் எடுக்கிற பெண்கள் கையெல்லாம் கீறலோடு வந்து, இனி அந்தப் பக்கம் போகமாட்டோம் என்றார்கள். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது? பயத்தில் படம் பிடித்துப் போனில் அனுப்பினேன்: 'இது ஆக்கிரமிப்புச் செடி. கங்காணி நிழலுக்காகக் குரங்கணியிலிருந்து கொண்டுவந்த பலாக்கன்றுகளின் பை மண்ணோடு வந்திருக்கிறது.' குரங்கணி என்ன கடலுக்கு அப்பாலா இருக்கிறது? அதே மலை, அதே கொடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

முதலாளி வந்து உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "இது எங்கருந்துடா வந்துச்சு?"

"எங்கருந்தும் வரல மொதலாளி. மலையிலயே கெடந்த கொடி. வெயில் விழுந்துச்சு, எந்திரிச்சிருச்சு."

"வெயில் எப்பிடி விழுந்துச்சு?"

நீ என்னைப் பார்த்தாய். நான் கொடியைப் பார்த்தேன். நீ திரும்பி, "எங்க ஆளுகதான் வெட்டுனோம்" என்றாய். அத்தோடு உன் வேலை போயிற்று. அப்புறம் நீ போடியில் லோடு இறக்கப் போனாய். எதிரே வந்தால் நான் தெரு மாறிப் போனேன்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நான் ஏன் எடுத்தேன் என்று இப்போது புரிகிறது. களை என்று எழுதியிருந்தால் வெட்டி எறிவதோடு முடிந்திருக்கும். ஆக்கிரமிப்பு என்றால் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், கொண்டுவந்தவன் ஒருவனும் இருக்க வேண்டும். உண்ணிச்செடியை அப்படிச் சொன்னால் நியாயம், அது வெளிநாட்டுச் செடி. இண்டு இந்த மலையிலேயே பிறந்தது. அது ஏலத்தை அமுக்கியது உண்மை, வெட்டத்தான் வேண்டியிருந்தது. அதற்கு இடம் கொடுத்தவன் நான்.

போன வாரம் முதலாளி ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியல் கேட்டார். உண்ணியை எழுதினேன், இண்டை எழுதவில்லை. "இண்டங்கொடி எங்கேப்பா?" என்றார்.

"அது நம்ம மலைச் செடி மொதலாளி. கவாத்துல அதிகமா வெட்டச் சொன்னது நான்தான். கங்காணி வேணாம்னான்."

வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். "அவனே ஒத்துக்கிட்டாம்ப்பா, அவங்க ஆளுகதான் வெட்டுனதுன்னு. செத்துப்போன கூட்டாளிக்காகப் பழிய நீ ஏத்துக்கிறியே, ஒன்னைய மாதிரி மனுசன் யாருக்குக் கெடைப்பான்?" மறுபடியும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்களாச்சும் அவருக்காகப் பேசுனீங்களேண்ணே" என்றாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாப்ளே. அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.